கொழுப்பு ஏறினால் கழுத்தையும் பாருங்கள்



ரத்தப் பரிசோதனைத் தாளில் கொலஸ்ட்ரால் என்ற வரிக்கு நேரே 250, 270 என்று ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் நம் வீடுகளில் உடனே நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். தாளிக்கும் எண்ணெய் பாதியாகிறது. தேங்காய்ச் சட்னி நின்றுபோகிறது. முட்டையின் மஞ்சள் கரு தட்டின் ஓரத்துக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. உணவைத் திருத்திக்கொள்வது நல்லதுதான். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே அதைத் தயாரித்துக்கொள்கிறது. தயாரிப்பில் முதலிடம் கல்லீரலுக்கு. ரத்தத்தில் மிஞ்சியதைத் திரும்ப இழுத்து, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பி வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான். இந்த வேலை எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்பதைக் கல்லீரலுக்குச் சொல்கிற ஹார்மோன்களில் முக்கியமான ஒன்று கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பியிலிருந்து வருகிறது. அந்தச் சுரப்பு குறைந்துவிட்டால், எவ்வளவு வாயைக் கட்டினாலும் கொழுப்பு எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது.

இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கொழுப்பு கூடியிருக்கிறது என்று தெரிந்ததும், ஆயுள் முழுக்க மாத்திரை எழுதுவதற்கு முன்னால், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. செலவு அதிகமில்லை. சிறிய ஊர் லேப்களிலும் செய்கிறார்கள். இருந்தும் விட்டுப்போகிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். 1873-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் ஒரு விசித்திரமான மாற்றத்தைக் கண்டு எழுதினார். முகம் ஊதி, தோல் தடித்து, நாக்கு பெருத்து, பேச்சும் நடையும் மந்தமாகிப் போகிற நோய் அது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோஹர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கழலைகளை மிக நேர்த்தியாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்ட நோயாளிகளைச் சில வருடம் கழித்து அழைத்துப் பார்த்தபோது, லண்டனில் கல் விவரித்த அதே மந்தமும் வீக்கமும் அவர்களிடம் இருந்தன. அதை மறைக்காமல் 1883-ல் வெளியிட்டார். சுரப்பி இல்லாமல் போவதும் அந்த நோயும் ஒன்றுதான் என்பது இப்படித்தான் துலங்கியது. 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோய் தெரிந்தது, மருந்து 1891-ல் வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டை அரைத்துச் சாறெடுத்து, நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சில வாரங்களில் முகவீக்கம் வற்றியது, பேச்சு தெளிந்தது. பிறகு வாய்வழியாகவே மருந்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வளவு காலமும் அவர் உயிரைத் தாங்கியது 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி. இன்று சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு வெள்ளை மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

கொழுப்புக்கு வருகிறேன். இன்றைக்கு டி.எஸ்.எச். பார்ப்பது சுலபம். ஆனால் அதை ரத்தத்தில் அளக்கும் வழி 1960-களில்தான் வந்தது. அதற்கு முன்பு தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் நெடுங்காலம் முக்கியமாக இருந்தவை நோயாளியின் முகமும், மூச்சை அளந்து உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று கணக்கிடும் கருவியும். இவற்றோடு இன்னொரு துணையும் இருந்தது: ரத்தக் கொலஸ்ட்ரால். 1930-ல் பாஸ்டன் நகரில் மேசன், ஹன்ட், ஹர்க்ஸ்தால் என்ற மூவர் தைராய்டு கூடியவர்களிடமும் குறைந்தவர்களிடமும் கொலஸ்ட்ராலை அளந்து எழுதினார்கள். சுரப்பு கூடினால் கொலஸ்ட்ரால் இறங்குகிறது, குறைந்தால் ஏறுகிறது என்பது அதில் தெளிவாக இருந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், கொலஸ்ட்ரால் ஏறியிருந்தால் தைராய்டைச் சந்தேகப்படுவது மருத்துவப் பழக்கமாகவே இருந்தது. இப்போது துல்லியமான பரிசோதனை கையில் வந்தபிறகு அந்தப் பழக்கம் மங்கிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அன்று கொலஸ்ட்ராலைக் கொண்டு தைராய்டைக் கண்டுபிடித்தார்கள். இன்று கொலஸ்ட்ராலைப் பார்த்ததும் கொலஸ்ட்ராலுக்கே மாத்திரை எழுதிவிடுகிறோம்.

ஏன் ஏறுகிறது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும்.

தைராய்டு சுரப்பதில் பெரும்பங்கு டி-4 எனப்படும் தைராக்சின் ஹார்மோன். அதில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. கல்லீரல் போன்ற உறுப்புகள் அதில் ஒன்றைக் கழற்றி டி-3 ஆக்கிக்கொள்கின்றன. வேலை செய்வது இந்த டி-3 தான். அது செல்லின் உட்கருவுக்குள் போய், அங்கே இருக்கும் தைராய்டு ஏற்பியோடு சேர்ந்து, சில மரபணுக்களைத் தூண்டுகிறது. அவற்றில் ஒன்று எல்.டி.எல். ஏற்பிக்கான மரபணு.

கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்கிற எல்.டி.எல். துகள்கள் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் எல்.டி.எல். ஏற்பிகள் அவற்றைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் டல்லஸ் நகரைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவர். 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பிகள் நிறைய இருந்தால் ரத்தத்தில் எல்.டி.எல். வேகமாகக் குறையும். ஏற்பிகள் குறைந்தால் அந்தத் துகள்கள் நாள்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றும். டி-3 குறைந்த உடம்பில் கல்லீரல் இந்த ஏற்பிகளைப் போதிய அளவு செய்வதில்லை. 1981-ல் லண்டனில் கில்பர்ட் தாம்ப்சனும் அவருடைய குழுவினரும் அடையாளமிட்ட எல்.டி.எல்.லைத் தைராய்டு குறைந்தவர்களின் உடலில் செலுத்திப் பார்த்து, ஏற்பி வழியாக அது வெளியேறுவது மந்தமாகியிருப்பதைக் காட்டினார்கள். தைராக்சின் கொடுத்த பிறகு அந்த வேகம் மீண்டது.

இங்கே நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதும் குறைகிறது. அப்படியானால் ரத்தத்தில் கொழுப்பு குறையத்தானே வேண்டும்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் குழாயைப் பாதி மூடியிருக்கிறோம். ஆனால் வெளியே போகும் குழாயில் முக்கால்வாசி அடைப்பு. தொட்டி நிரம்பி வழியத்தான் செய்யும். தைராய்டு குறைந்தவர்களுக்கு நடப்பது இதுதான். சாப்பாட்டை எவ்வளவு குறைத்தாலும் உள்ளே வருவதைத்தான் குறைக்கிறோம். வெளியேறும் வழி அடைபட்டே கிடக்கிறது.

எல்.டி.எல். மட்டுமல்ல. ரத்தத்தில் இருக்கும் டிரைகிளிசரைடை உடைத்துத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கொடுக்கிற லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியும் சோம்பிவிடுகிறது. அதனால் சிலருக்கு டிரைகிளிசரைடும் ஏறும். கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியும் டி-3 இல்லாமல் மந்தமாவது எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களில் அந்த விளைவு அவ்வளவு துலக்கமாக இல்லை. நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். பெரும்பாலும் குறைவதில்லை. சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். ஆகவே தாளில் எச்.டி.எல். நன்றாக இருக்கிறதே என்று பார்த்துத் தைராய்டு இருக்காது என்று முடிவுகட்டக் கூடாது.

எவ்வளவு பேருக்கு இப்படி? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தைராய்டு குறைந்த 295 பேரின் ரத்தக் கொழுப்பைப் பார்த்து 1993-ல் வெளியிட்டார்கள். அவர்களில் எல்லாக் கொழுப்பும் சரியான அளவில் இருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு, 8.5 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் மட்டும் கூடியிருந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்குக் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் சேர்ந்தே கூடியிருந்தன. நம் நாட்டிலோ, சென்னை உள்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-ல் வெளிவந்த ஆய்வில், வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், கொழுப்புக்காக மருத்துவரிடம் வருகிறவர்களில் தைராய்டுக்காரர்கள் எத்தனை பேர் ஒளிந்திருப்பார்கள் என்பது உங்களுக்கே புரியும்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன். நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா, கணவரோடு வந்திருந்தார். கையில் மூன்று லிப்பிட் பரிசோதனைத் தாள்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 300-ஐத் தாண்டியிருந்தது, எல்.டி.எல். 210. அடுத்தடுத்த தாள்களில் அது அசையவே இல்லை.

“டாக்டர், முட்டையை விட்டாச்சு. தேங்காய் அரைச்ச குழம்பு வைக்கிறதே இல்லை. இட்லிக்கு எண்ணெய்கூட ஊத்திக்கிறதில்லை. இன்னும் எதை விடணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். குரல் கரகரப்பாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வந்தது.

கணவர் இடைமறித்தார். “வாயைக் கட்ட மாட்டேங்கறா சார். எங்களுக்குத் தெரியாம ஏதோ சாப்பிடறா. இல்லேன்னா எப்படி இறங்காம இருக்கும்?”

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போது ஏற்பட்ட மனவேதனையை இன்றும் மறைக்க விரும்பவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தாளில் இருந்த எண்களுக்கும் அவருடைய நாக்குக்கும் சம்பந்தமே இல்லை.

நாற்காலியில் முழங்காலிட்டு, பாதங்கள் வெளியே தொங்கும்படி இருக்கச் சொன்னேன். குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால், பாதம் சட்டென்று பின்னால் தள்ளி, அதே வேகத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். அவருடைய பாதம் பின்னால் போனது வழக்கம்போலத்தான். திரும்பி வந்ததுதான் மெதுவாக, மிக மெதுவாக, பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்கிற அளவுக்கு. பக்கத்தில் நின்ற கணவரையும் பார்க்கச் சொன்னேன். தசை இறுகியபின் தளர்வதற்கு வேண்டிய வேகத்தைத் தருவதும் தைராய்டு ஹார்மோன்தான். தோல் வறண்டு செதில் செதிலாக இருந்தது. புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்திருந்தது. மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். மலச்சிக்கலைப் பற்றிக் கேட்டதும், அதை யாரும் இதுவரை கேட்கவே இல்லை என்றார்.

டி.எஸ்.எச். 80-க்கு மேல் வந்தது. நான்கைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய எண் அது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். டி.எஸ்.எச்.ஐத் தைராய்டு சுரப்பதில்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலைசெய்யச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு வேலைசெய்யாவிட்டால் பிட்யூட்டரி மேலும் மேலும் அனுப்பும். எனவே டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். “எனக்குத் தைராய்டு அதிகமாக இருக்கிறது” என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்குக் கொழுப்புக்கான மாத்திரை எதுவும் தரவில்லை. தைராக்சின் மட்டும் கொடுத்து, மெல்ல அளவைக் கூட்டினோம். டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்த பிறகு எல்.டி.எல். 120-க்குப் பக்கத்தில் இருந்தது. தேங்காயை அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது அவர் கணவரைப் பார்த்த பார்வையை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு வியப்பான மாற்றம் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். டி.எஸ்.எச். மிக உயர்ந்து, டி-4 தெளிவாகக் குறைந்தவர்களிடம்தான் கொழுப்பு இப்படிச் சரியும். டி-4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 5, 6, 7 என்று லேசாக ஏறியிருப்பவர்கள்தான் நம்மிடையே அதிகம். அவர்களுக்குத் தைராக்சின் கொடுத்தால் எல்.டி.எல். சராசரியாக 10 மி.கி. அளவுக்குத்தான் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2000-ல் கணக்கிட்டார்கள். 160 இருந்தால் 150 ஆகும், அவ்வளவுதான். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் மாத்திரை தொடங்கலாம் என்பதில் பெரும்பாலான மருத்துவர்கள் ஒத்துப்போகிறார்கள். அதற்குக் கீழே வயது, கர்ப்பம், இதயநோய், தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். குறிப்பாக முதியவர்களிடம் அவசரப்படக் கூடாது. வயது ஏற ஏற டி.எஸ்.எச். இயல்பாகவே கொஞ்சம் கூடும். 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வொன்று 2017-ல் வெளியானது. லேசான தைராய்டு குறைவுக்கு மாத்திரை கொடுத்தும் அவர்களுடைய சோர்விலோ மற்றத் தொந்தரவுகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. எழுபது வயதுப் பெரியவருக்கு டி.எஸ்.எச். 6 இருக்கிறது, கொலஸ்ட்ரால் 230 இருக்கிறது என்றால் இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது சரியல்ல. அவருடைய கொழுப்புக்கு வேறு காரணம் இருக்கும். அதற்கு வேறு வைத்தியம் செய்ய வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் கொழுப்பைக் குறைக்கிறதென்றால், தைராய்டு சரியாக இருக்கிறவர்களுக்கும் அதைக் கொடுத்துக் கொழுப்பைக் குறைக்கலாமே என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்கள் 8,341 பேர் சேர்ந்தார்கள். வெவ்வேறு மருந்துகள் தரப்பட்ட அவர்களில் ஒரு பிரிவினருக்கு டெக்ஸ்ட்ரோ தைராக்சின் என்ற, தைராய்டு ஹார்மோனின் மறுவடிவத்தைக் கொடுத்தார்கள். கொழுப்பு குறைந்தது. ஆனால் அந்தப் பிரிவில் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. 1971-ல் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். கொழுப்பைக் குறைக்கும் அதே ஹார்மோன் அளவு மீறினால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை அரிக்கும். உடல் இளைக்க என்று சொல்லித் தைராக்சினை விழுங்குகிறவர்களும், “இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், எடை குறையட்டும்” என்று கேட்கிறவர்களும் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தைராய்டு ஹார்மோனைக் கொண்டு கொழுப்பைக் குறைக்கும் அந்தக் கனவு முழுவதும் வீணாகிவிடவில்லை. இதயத்தில் பெரும்பாலும் ஆல்ஃபா வகைத் தைராய்டு ஏற்பியும் கல்லீரலில் பீட்டா வகையும் இருப்பது பின்னால் தெரியவந்தது. பீட்டாவை மட்டும் தூண்டும் மருந்தைச் செய்தால் இதயத்தைத் தொடாமல் கல்லீரலை மட்டும் வேலைவாங்கலாம் அல்லவா? எப்ரோட்டிரோம் என்ற மருந்து அப்படித்தான் வந்தது. நாய்களுக்குக் குருத்தெலும்பைக் கெடுத்ததால் 2012-ல் அதைக் கைவிட்டார்கள். பிறகு வந்த ரெஸ்மெட்டிரோம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொழுப்பு படிந்து தழும்பேறிய கல்லீரலுக்கான மருந்து அது. எடுத்துக்கொண்டவர்களுக்கு எல்.டி.எல்.லும் ஓரளவு குறைந்தது. பாஸ்டனில் கொலஸ்ட்ராலை அளந்து எழுதிய அந்த மூவரின் கட்டுரைக்கும் இந்த மாத்திரைக்கும் இடையில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

ஸ்டாட்டின் மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று உங்களில் பலர் இரவில் போடுகிறீர்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அவை செய்திருக்கும் நன்மைக்கு ஈடில்லை. அவற்றை நிறுத்துங்கள் என்று நான் சொல்லியதாக யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் தைராய்டு குறைவு கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும்போது ஸ்டாட்டினைத் தொடங்கினால் தசைக்கு ஆபத்து கூடுகிறது. தைராய்டு குறைந்தாலே தசை வலிக்கும், பலம் குறையும், தசை சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற நொதி ரத்தத்தில் ஏறும். அதற்கு மேல் ஸ்டாட்டினும் சேர்ந்தால் சிலருக்குப் படி ஏறவே முடியாத அளவு தொடை வலிக்கும். அரிதாகத் தசை கரைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். அப்போது நோயாளி “மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். மருத்துவரும் வேறு கம்பெனி மாத்திரை எழுதுகிறார். வலி மறுபடியும் வருகிறது. அடிப்படைக் காரணமான தைராய்டை யாரும் பார்க்கவில்லை. ஸ்டாட்டினால் தசை வலி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தைராய்டு ஏன் குறைகிறது? இமயமலை அடிவாரத்தில் அயோடின் பற்றாக்குறை பெரிய காரணமாக இருந்தது. 1956-லிருந்து காங்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வின் பயனைத்தான் இன்று நாம் எல்லோரும் உப்புப் பாக்கெட்டில் வாங்குகிறோம். இப்போது நகரங்களில் காண்பது பெரும்பாலும் வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் தைராய்டைத் தாக்கி அழிக்கும் நோய். 1912-ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. இதற்கு உப்பை அதிகம் சேர்த்துக்கொண்டு பயனில்லை. அயோடின் மிகையானால் நோய் கூடவும் செய்யும். இந்த நோய் குடும்பத்தில் ஓடும். ஆகவே தாய்க்கு இருந்தால் மகளுக்கும், அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கழுத்தில் அறுவை நடந்தவர்கள், கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள், லித்தியம் அல்லது அமியோடரோன் மாத்திரை எடுப்பவர்கள் எல்லோரும் பரிசோதிக்க வேண்டிய இந்தக் கூட்டத்தில்தான் சேர்வார்கள்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதில் நம் வீட்டுப் பழக்கம் அடிக்கடி குறுக்கே வருகிறது. எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி கூடாது. காபி அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. டிகாக்ஷன் வாசனை வந்துகொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்சினோடு சேரவே கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்து ஒரே வாயாக விழுங்குகிறவர்களுக்கு டி.எஸ்.எச். இறங்காது, அதோடு கொழுப்பும் இறங்காது. பிறகு மாத்திரையில் சத்தில்லை என்று சொல்வோம்.

முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் இப்போது நிறைய. தைராய்டு குறைந்தால் முடி உதிரும். அதனால் கடையில் பயோட்டின் வாங்குகிறார்கள். அந்தப் பயோட்டின், சில லேப்களின் பரிசோதனை முறையில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச்.ஐ உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். இருக்கும் நோய் இல்லாததுபோலத் தோன்றும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். எடுத்துக்கொள்வதை மருத்துவரிடம் சொல்லவும் செய்யுங்கள்.

அளவை மாற்றியதும் மறுவாரமே ரத்தம் கொடுக்க ஓட வேண்டாம். டி.எஸ்.எச். நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். கொழுப்பும் அதற்குப் பின்னால்தான் தன் உண்மையான அளவைக் காட்டும். இதயநோய் உள்ள முதியவர்களுக்கு மிகக் குறைந்த அளவில், 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். பல ஆண்டுகள் மந்தமாக ஓடிக்கொண்டிருந்த இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வரும். கர்ப்பம் தரித்தவர்களுக்கு நேர்மாறாக, தேவை சீக்கிரமே கூடும். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தைராய்டு சரியான பிறகும் கொழுப்பு மீதமிருந்தால்? இருக்கத்தான் செய்யும், பலருக்கு. சர்க்கரை நோய், சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய், பித்தக்குழாய் அடைப்பு, நீண்டநாள் ஸ்டீராய்டு, பரம்பரையாக எல்.டி.எல். ஏற்பியே குறைபாடாகப் பிறந்தவர்கள் என்று வேறு காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. தந்தைக்கோ அண்ணனுக்கோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், தைராய்டு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. தைராக்சின் சரியான அளவுக்கு வந்த பிறகு லிப்பிட் பரிசோதனையை மறுபடி செய்து, மிச்சமிருக்கும் எல்.டி.எல்.லுக்குத் தயங்காமல் ஸ்டாட்டின் தொடங்க வேண்டும். தைராய்டு திருந்திய தசை அதைப் பெரும்பாலும் நன்றாகவே தாங்கிக்கொள்ளும். முன்பு வலியால் நிறுத்திய அதே மாத்திரையை இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மாத்திரை அளவை நான் மேடையிலிருந்து மாற்றிச் சொல்ல முடியாது. மற்றபடி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.